மின்கோபுரம் எழுவதற்கு முன்: மீட்பு அகழாய்வுக் குழு ஒன்றின் பணி குறித்து

உயர் அழுத்த மின்வழித்தடம் ஒன்றில் கோபுரம் அமையவிருந்த மேட்டில், பண்டை மனிதர் கல்லைச் செதுக்கியபோது உதிர்ந்த கற்செதில்கள் தென்பட்டதால், கட்டுமானப் பொறியாளர் என்ற முறையில், கட்டுமானத்தால் அழியவிருக்கும் தொல்தடயங்களை முன்கூட்டியே அகழ்ந்து பதிவு செய்யும் மீட்பு அகழாய்வுக் குழு ஒன்றின் சேவையைப் பெற்றேன். குழு எதைக் கண்டெடுத்தது என்பதைவிட மண்ணை எப்படி நடத்தியது என்பதை வைத்தே இதை மதிப்பிடுகிறேன். அந்த அளவில் இது மிக உயர்ந்த பணி. திட்டமிடலில் மட்டும் ஒரு பெருங்குறை உண்டு.

பல்லில்லாத அகன்ற வாளி பொருத்திய இயந்திரம் உழவு மண்ணை மெல்லிய படலங்களாக வழித்தெடுக்க, குழுவினர் ஒருவர் ஒவ்வொரு வழிப்பையும் உடனிருந்து கவனித்தார். அதன்பின் தரையைக் கரணையால் சுரண்டி, காய்ந்துபோகாமல் நீர் தெளித்தபோது, மஞ்சள் களிமண்ணில் கரும்பழுப்பு நிற வட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. அவை தூண் நட்ட குழிகள். மரம் மக்கிவிட்டது, அது நின்ற இடத்தின் நிறம் மட்டும் தங்கியிருந்தது. ஒவ்வொரு குழியிலும் பாதியை மட்டும் வெட்டி, குறுக்குவெட்டை வரைந்து, படமெடுத்த பிறகே மறுபாதியைத் தொட்டார்கள். ஒரு குழியின் ஓரத்தில், தூண் ஆடாமலிருக்க யாரோ இறுக்கி வைத்த கூழாங்கற்கள் அப்படியே சாய்ந்து நின்றதை நான் மண்டியிட்டுப் பார்த்தேன். அவசரமாகத் தோண்டியிருந்தால் அவை வெறும் கற்களாகக் குவியலில் சேர்ந்திருக்கும்.

மாதிரி எடுப்பதிலும் அதே ஒழுங்கு இருந்தது. கரித்துண்டுகளைக் கைபடாமல் எடுத்து அலுமினியத் தாளில் பொதிந்தார்கள். கரியில் எஞ்சியிருக்கும் கார்பன் 14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவைக் கொண்டு அதன் காலத்தைக் கணிப்பார்கள். கார்பன் 14-இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 5,730 ஆண்டுகள்; ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரையே இந்த முறை கைகொடுக்கும். ஆனால் முதிய மரத்தின் உள்வயிரம் எரிந்து கரியாகியிருந்தால், கிடைக்கும் காலம் அந்த வயிரம் வளர்ந்த காலமே; அடுப்பு எரிந்த நாளுடையதாக இராது, அதைவிட மிகப் பழையதாக இருக்கக்கூடும். இதனால் மண்ணை நீரில் கலக்கி மிதக்கவிட்டு, மேலே வந்த, ஒரே பருவத்தில் விளைந்ததால் இந்தச் சிக்கல் இல்லாத கருகிய விதைகளைத் தேடித் தனியே எடுத்தார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாக விளக்கம் தந்ததையும் சொல்ல வேண்டும்.

குறை என்று நான் சொன்னது ஆய்வு எல்லையைப் பற்றியது. கோபுரத்தின் நான்கு கால்கள் பிடிக்கும் இடம் சிறியது. அதற்கு இட்டுச்செல்லும் தற்காலிகப் பாதையும், கம்பி இழுக்கும் இயந்திரங்கள் நிற்கும் தளங்களும் அதைவிடப் பலமடங்கு நிலத்தைக் குலைப்பவை. குழுவின் முதல் திட்டம் அடித்தளங்களை மட்டுமே உள்ளடக்கியிருந்தது. எங்கள் வரைபடமும் பாதையைத் தெளிவாகக் காட்டவில்லை. மழைக்குப் பின் லாரிச் சக்கரம் புதைந்த ஓரிடத்தில் இரண்டு மண்ணடுக்குகள் கலந்துபோயின. அதை இனி யாராலும் பிரித்துப் படிக்க முடியாது என்பது இன்றும் எனக்கு வருத்தமே. இறுதி அறிக்கையும் தாமதமாகவே வந்தது. ஆய்வகப் பணிக்குக் காலம் பிடிக்கும் என்பது உண்மைதான் என்றாலும், இடைக்கால அறிக்கை ஒன்றையாவது முன்னரே தந்திருக்கலாம்.

ஆனாலும் தூண் குழிகள் எங்கெங்கே பரவியிருக்கின்றன என்று காட்டி அவர்கள் தந்த பரவல் வரைபடம் எங்களுக்குப் பெரிதும் உதவியது. சாலையைப் போலவோ குழாய்த்தடத்தைப் போலவோ மின்வழித்தடம் நிலத்தை இடைவிடாது வெட்டிச்செல்வதில்லை. இரு கோபுரங்களுக்கு இடையே பெரும்பாலும் 300 முதல் 400 மீட்டர் வரை கம்பி காற்றில் செல்வதால், ஒரு கோபுரத்தைச் சற்றுத் தள்ளிவைக்க இடமிருக்கிறது. தொல்லியலைத் திட்டமிடும் கட்டத்திலேயே சேர்க்க வேண்டும் என்று ஐரோப்பாவின் 1992-ஆம் ஆண்டு வல்லெட்டா உடன்படிக்கை வலியுறுத்துவதன் நடைமுறைப் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. தூண் குழிகள் அடர்ந்த பகுதியை விட்டுக் கோபுரத்தை நகர்த்தினோம். தோண்டாமல் விட்ட குழிகளின்மேல் துணிவிரிப்புப் போட்டு, மணல் பரப்பி, எடுத்த மண்ணாலேயே மூடினார்கள்.

இத்தகைய குழுவை அமர்த்துவோர் பாதை, தளம், மண்கொட்டும் இடம் அனைத்தையும் முதல் வரைபடத்திலேயே குறித்துக் கொடுங்கள். களப்பணிக்குப் பிந்தைய ஆய்வுக்கான காலத்தையும் செலவையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.