50 மீட்டர் ரைஃபிளுக்கு அலுமினிய முன்கட்டை: நாலு வருசப் பயன்பாட்டில் தெரிந்தவை

பேரலுக்கு (துப்பாக்கிக் குழலுக்கு) அடியில் கை தாங்கும் மர முன்கட்டைக்குப் பதிலாக அலுமினியம் மாட்டினால் ரைஃபிள் தானாகக் கெட்டியாகிவிடும் என்று நம்பித்தான் பெரும்பாலோர் வாங்குகிறார்கள். கோலாலம்பூர் வெயிலிலும் ஈரத்திலும் நாலு வருசம் மர ஸ்டாக் (துப்பாக்கியின் கட்டை உடல்), மர அடுக்குகளை ஒட்டிச் செய்த லேமினேட் ஸ்டாக், போல்ட் போட்டு மாட்டும் அலுமினிய முன்கட்டை மூன்றையும் புரோன், அதாவது படுத்துச் சுடும் நிலைக்குப் பயன்படுத்தியதில் தெரிந்தது ஒன்று: முன்கட்டை ஸ்டாக்கின் உடற்பகுதியோடு சேரும் இணைப்பு சரியில்லை என்றால் பழைய மரக்கட்டையே மேல்.

ஸ்லிங் (கையையும் துப்பாக்கியையும் பிணைக்கும் வார்) போட்டுப் படுத்துச் சுடும்போது கையின் இழுவை முழுவதும் ஹேண்ட் ஸ்டாப் (முன்கை முட்டி நிற்கும் தடுப்பு) வழியாக முன்கட்டையில்தான் இறங்குகிறது. வலக்கைக்காரருக்கு அந்த இழுவை கீழ்நோக்கி, பின்நோக்கி, கொஞ்சம் இடப்பக்கமாகவும் இருக்கும். கட்டை வளைந்து பேரலைத் தொட்டால் குண்டு விழும் இடம் மாறும். தொடாவிட்டாலும் அந்த வளைவு ஆக்‌ஷன் (பேரலைப் பிடித்திருக்கும் உலோகப் பகுதி) உட்காரும் பெட்டிங் என்ற இருக்கை வரை போய், ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கி உதைக்கும் விதத்தை மாற்றிவிடும். 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், ஒன்பதின் விட்டம் 26.4. மையத்தில் விழ வேண்டிய குண்டு ஒரு கோண நிமிடம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) விலகினாலே 14.5 மில்லிமீட்டர் தள்ளி விழும். அந்த அளவுக்குச் சின்ன விசயம் இது.

கை நீளமானவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒரு முனையில் பிடித்த கட்டை வளையும் அளவு, நீளத்தின் மூன்றாம் படியைப் பொறுத்தது. ஹேண்ட் ஸ்டாப்பை இணைப்பிலிருந்து 20 சென்டிமீட்டரில் வைத்தவர் அதையே 25-க்குத் தள்ளினால், அதே இழுவைக்கு வளைவு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். அலுமினியத்தின் விறைப்பு, நார் ஓடும் திசையில் மரத்தின் விறைப்பைப்போல ஆறு ஏழு மடங்கு. கணக்குப்படி அதுதான் ஜெயிக்க வேண்டும். ஆனால் மர ஸ்டாக் ஒரே கட்டை. அலுமினிய முன்கட்டையோ இரண்டு அல்லது நாலு போல்ட்டில் நிற்கிறது. அந்த இடம் மயிரிழை நழுவினாலும் உலோகத்தின் விறைப்பால் பலன் இல்லை.

வாங்கும் முன், முடியாவிட்டால் மாட்டிய அன்றே, இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். துப்பாக்கியின் போல்ட்டை (குண்டை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம், கட்டையை இறுக்கும் போல்ட் அல்ல) உருவி எடுத்து, சேம்பர் (குண்டு உட்காரும் அறை) காலி என்று கண்ணால் பார்த்து, அது காலி என்று காட்டும் சேம்பர் கொடியைச் செருகிய பிறகே துப்பாக்கியைத் தொட வேண்டும். ஸ்டாக்கின் பின்பகுதியை ரப்பர் வைத்த வைஸில் பிடியுங்கள். மிகச் சின்ன நகர்வையும் அளக்கும் டயல் கேஜின் முனை பேரலின் அடிப்பக்கத்தைத் தொடுகிற மாதிரி கேஜை முன்கட்டையில் இறுக்கி, பூச்சியத்தில் வையுங்கள். ஹேண்ட் ஸ்டாப்பில் பயணப்பெட்டி தூக்கிப் பார்க்கும் கைத்தராசை மாட்டி, ஸ்லிங் இழுக்கும் அதே திசையில் 10 கிலோ வரை மெதுவாக இழுத்து விடுங்கள். இதைப் பத்து முறை செய்யுங்கள். இழுக்கும்போது ஊசி நகரத்தான் செய்யும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். விட்ட பிறகு பூச்சியத்துக்குத் திரும்புகிறதா என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றால் இணைப்பு நழுவுகிறது. நிறைய வளைந்தாலும் அதே இடத்துக்குத் திரும்பும் கட்டையோடு சுட முடியும். குறைவாக வளைந்து திரும்பாமல் நிற்கும் கட்டை ஆளைப் பைத்தியமாக்கிவிடும், ஏனென்றால் குரூப் (குண்டுகள் சேர்ந்து விழும் இடம்) எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

டயல் கேஜ் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: ஸ்லிங்கை முழு இறுக்கத்தில் போட்டுப் படுங்கள். 1 ரிங்கிட் பிளாஸ்டிக் நோட்டை நாலாக மடித்து, பேரலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே செருகி அந்த நோட்டை இழுக்கும்படி நண்பர் ஒருவரிடம் சொல்லுங்கள். ஆக்‌ஷன் வரை தடங்கலில்லாமல் போக வேண்டும். இங்கேயும் சேம்பர் கொடி கட்டாயம். மேசையில் கிடத்திச் சோதித்தால் எந்தக் கட்டையும் பாஸாகும்.

மரத்தின் பிரச்சினை வேறு. இந்த ஊர் காலை ஈரத்தில் மரம் நாருக்குக் குறுக்காக உப்பும், ஏர்கோன் அறையில் வைத்தால் சுருங்கும். உப்பும்போது ஆக்‌ஷன் போல்ட் இறுகும், சுருங்கும்போது தளரும். அதனால் இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சைப் போல்ட்டில் வைக்கும் முன், துப்பாக்கி ரேஞ்சில் ஒரு மணி நேரமாவது இருந்திருக்க வேண்டும். எத்தனை நியூட்டன் மீட்டர் என்பதைத் தயாரிப்பாளரின் தாளில் பார்த்து எழுதி ஸ்டாக்கின் உள்ளே ஒட்டிவிடுங்கள், வாய்வழிச் சொல்லை நம்பாதீர்கள். பேரல் ஓடும் பள்ளத்தையும் பாருங்கள். வெளியே பளபளவென்று வார்னிஷ் இருக்கும், பள்ளத்துக்குள் பூச்சில்லாத வெறும் மரம் தெரியும். ஈரம் நுழையும் வாசல் அதுதான். அங்கே பாலியூரிதேன் வார்னிஷை இரண்டு மெல்லிய பூச்சாகக் கொடுத்தால் மரம் உப்பிச் சுருங்குவது குறையும். எண்ணெய் தடவுவது அழகுக்கு மட்டுமே உதவும். லேமினேட் இதைவிடக் குறைவாக ஆடும், ஆனால் எடை கூடுதல்.

அலுமினியத்தைக் கெடுப்பது வியர்வை. எஃகு போல்ட்டும் அலுமினியமும் சேரும் இடத்தில் உப்புத் தண்ணீர் நின்றால் வெள்ளைப் பொடி பூக்கும். முதலில் ஹேண்ட் ஸ்டாப் நகரும் ரெயில் பள்ளத்தின் விளிம்பில்தான் தெரியும், ஏனென்றால் ஹேண்ட் ஸ்டாப்பின் நட்டு உரசி உரசி அலுமினியத்தைக் காக்கும் அனோடைஸ் பூச்சு அங்கேதான் போகிறது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ரெயிலைத் துடைத்து, உடனே உலர்த்தித் துடைக்க வேண்டும். இணைப்பு போல்ட்டில் மரை தளராமல் பிடிக்கும் நீல நிற லாக் திரவம் ஒரு சொட்டுப் போதும், சிவப்பு வேண்டாம். சிவப்பு போட்டால் சூடு காட்டாமல் கழலாது. போடுவதற்கு முன் மரையில் உள்ள எண்ணெயை ஆல்கஹாலால் துடைக்காவிட்டால் அந்தச் சொட்டும் வீண். மாட்டிய முதல் மாதத்தில் வாரம் ஒரு முறை டார்க் பாருங்கள். பிறகு போல்ட் தலைக்கும் கட்டைக்கும் சேர்த்துப் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால் கண்ணாலேயே தெரிந்துவிடும்.

கார்பன் ஃபைபர் இலேசு, விறைப்பும் உண்டு. போல்ட் உட்காரும் இடத்தில் உலோகக் குழல் பதித்திருந்தால் மட்டும் வாங்கலாம், இல்லாவிட்டால் அழுத்தத்தில் நார் நொறுங்கும். 3டி பிரிண்டரில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கால் அச்சடித்த கட்டைகளை விட்டுவிடுங்கள். 60 டிகிரியை நெருங்கும்போதே அது இளகும், சாதாரணச் சூட்டிலும் போல்ட்டுக்குக் கீழே மெல்ல அமுங்கிக்கொண்டே இருக்கும்.

எடையை மறக்க வேண்டாம். முன்னால் ஏறும் ஒவ்வொரு 100 கிராமும் இடக்கைக்குப் போகும். 50 மீட்டர் ரைஃபிளுக்கு எட்டு கிலோ உச்சவரம்பும் உண்டு. மூன்று நிலையில் சுடுபவர்கள் முழங்காலிட்டும் நின்றும் பிடித்துப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும், புரோனில் சுகமாக இருப்பது நின்றால் துப்பாக்கியின் மூக்கைக் கீழே இழுக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் கிளப்பில் லைசென்ஸ் பார்ப்பவரிடமும், அவர் மூலமாகப் போலீஸிடமும் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் பாகங்களையும் கணக்கில் எடுக்கிறது. இணையத்தில் வாங்கி பார்சலில் வரவழைத்துவிட்டுப் பிறகு விளக்கம் சொல்லும் விசயம் இல்லை இது.

இப்போதுள்ள மரக்கட்டை சோதனையில் பூச்சியத்துக்குத் திரும்பினால் அதை மாற்ற வேண்டாம், அந்தக் காசுக்கு ஒரு நல்ல டார்க் ஸ்க்ரூடிரைவரும் டயல் கேஜும் வாங்குங்கள். அலுமினியமே வேண்டும் என்றால், இரண்டு முகங்களும் தட்டையாக உட்கார்ந்து, போல்ட்டுகளோடு நழுவாமல் தடுக்கும் பின்னோ சாவிக்கட்டையோ சேர்த்து நிறுத்தியிருக்கும் இணைப்பாகப் பார்த்து எடுங்கள். வெறும் போல்ட் இறுக்கத்தை நம்பி நிற்பவை எங்கள் கையில் ஒரு வருசத்துக்கு மேல் பூச்சியத்தில் நிற்கவில்லை.