எஸ்.என்.என்.எஸ். ஓட்டிப் பாத்தேன்: பட்டனுக்கு 2 மார்க், ஃபைலுக்கு 10 மார்க்

கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் போன மாசம் கேட்டான், "அண்ணா, இந்த பேக்ப்ரொபகேஷன் நடக்குறதை கண்ணால பாக்க முடியுமா, எல்லாரும் நாலு வரி கோடு எழுதி லாஸ் குறையுது பாருன்னு ஒரு கிராஃப் காட்டுறாங்க, உள்ள எந்த வெயிட் எங்க போகுதுன்னு ஒருத்தரும் காட்ட மாட்டேங்கறாங்க"ன்னு. நியாயமான கேள்விதான். (நியூரல் நெட்வொர்க்னா சின்னச் சின்ன கணக்கு யூனிட்களை லிங்க்கால கோத்த வலை, ஒவ்வொரு லிங்க்லயும் இருக்குற நம்பர்தான் வெயிட். அது சொன்ன பதில் எவ்ளோ தப்புங்கறது லாஸ், அந்தத் தப்பை பின்னாடி இருந்து திருப்பி அனுப்பி வெயிட்டைத் திருத்துறதுதான் பேக்ப்ரொபகேஷன்.) அப்பதான் ஸ்டுட்கார்ட் நியூரல் நெட்வொர்க் சிமுலேட்டர் ஞாபகம் வந்துச்சு, சுருக்கமா எஸ்.என்.என்.எஸ். ரெண்டு வாரம் சாயங்காலம் சாயங்காலமா உக்காந்து ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

தெரியாதவங்களுக்கு மட்டும் சின்னதா. ஜெர்மனில ஸ்டுட்கார்ட் யுனிவர்சிட்டில ஆண்ட்ரியாஸ் செல் டீம் 1989ல ஆரம்பிச்ச ப்ராஜெக்ட் இது, அப்புறம் ட்யூபிங்கனுக்கு போச்சு. முழுக்க சி மொழி, யூனிக்ஸ் வொர்க்ஸ்டேஷன்ல எக்ஸ் விண்டோல ஓடுறது. சன், டெக், எச்.பி., சிலிகான் கிராஃபிக்ஸ்னு அப்ப லேப்ல இருந்த பெரிய மெஷின் எதுலயும் கம்பைல் ஆகும். அப்ப யார் வேணா எஃப்.டி.பி.ல (ஃபைல் இறக்குற பழைய வழி) அனானிமஸா உள்ள போய் சோர்ஸோட எடுத்துக்க முடிஞ்சுது, ஆராய்ச்சிக்கு காசு கிடையாது. இதுல என்ன பெருசுன்னு இப்ப தோணும், எல்லாமே அப்படித்தானே கிடைக்குதுன்னு. 1986ல ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூணு பேரும் நேச்சர்ல பேக்ப்ரொபகேஷன் பேப்பர் போட்டாங்க, அதுக்கப்புறம் கொஞ்ச வருஷம் ஒவ்வொரு லேப்லயும் ஒவ்வொருத்தர் சொந்தமா சி ப்ரோக்ராம் எழுதிக்கிட்டு இருந்தாங்க. பேப்பர்ல "நெட்வொர்க் கத்துக்கிச்சு"ன்னு ஒரு வரி இருக்கும், ஆரம்ப வெயிட் எந்த ரேஞ்ச்ல எடுத்தாங்க, ஒவ்வொரு பேட்டர்னுக்கும் (ஒரு உதாரண இன்புட்டும் அதுக்கு வர வேண்டிய பதிலும்) வெயிட் மாத்தினாங்களா இல்ல எல்லாத்தையும் ஒரு சுத்து காட்டிட்டு மாத்தினாங்களா, கத்துக்கிச்சுன்னா அவுட்புட் 0.9 தாண்டணுமா 0.6 தாண்டினா போதுமா, இதெல்லாம் பாதி பேப்பர்ல இருக்காது. படிச்சவன் தன் ப்ரோக்ராம்ல போட்டு பாத்தா வராது. தன் கோடுல தப்பா, அவங்க பேப்பர்ல தப்பான்னு கடைசி வரைக்கும் தெரியாது. அந்த தலைவலிக்குதான் இந்த மாதிரி சிமுலேட்டர்கள் மருந்தா வந்துச்சு.

சரி, இன்ஸ்டால். என் லினக்ஸ்ல நேரா கம்பைல் பண்ண பாத்தேன், வார்னிங் மழை மாதிரி கொட்டுச்சு, இப்பத்த கம்பைலருக்கு அந்த காலத்து சி பிடிக்கல. ஃப்ளெக்ஸ், பைசன், அத்தீனா விட்ஜெட் லைப்ரரி எல்லாம் தேடிப் போட்டு, ஒரு பழைய லினக்ஸை விர்ச்சுவல் மெஷின்ல ஏத்தி, ரெண்டாவது நாள் ராத்திரிதான் ஜன்னல் திறந்துச்சு. கமாண்ட் லைன் பாத்தா பயப்படுற ஆளுங்க இந்த வேலைக்கு வராதீங்க, கீழ வேற வழி சொல்றேன்.

இப்ப அந்த ஜன்னல். கடவுளே. மேனேஜர் பேனல்னு ஒரு பட்டன் கூட்டம், அதுல ஒவ்வொண்ணை அமுக்கினாலும் தனித்தனியா ஒரு ஜன்னல் வந்து விழும், கன்ட்ரோல், டிஸ்ப்ளே, கிராஃப், பிக்நெட், ஃபைல்னு, அஞ்சு நிமிஷத்துல ஸ்க்ரீன் முழுக்க சீட்டுக்கட்டு கலைஞ்ச மாதிரி ஆயிடும். ஸ்க்ரோல் பார் இருக்கே, அது அத்தீனா ஸ்டைல், இடது க்ளிக் பண்ணா கீழ போகும், வலது க்ளிக் பண்ணா மேல போகும், நடு பட்டனைப் பிடிச்சுதான் இழுக்கணும். தம்பி பத்து நிமிஷம் அதோட மல்லுக்கட்டிட்டு மவுஸ் ரிப்பேருன்னு முடிவு பண்ணிட்டான்.

அதை விட பெரிய கொடுமை கன்ட்ரோல் பேனல். லேர்ன்னு எழுதி பக்கத்துல அஞ்சு கட்டம், எந்த கட்டத்துக்கும் பேரு கிடையாது. ஸ்டாண்டர்ட் பேக்ப்ரொபகேஷன் எடுத்தா முதல் கட்டம் லேர்னிங் ரேட் (ஒரு தடவைல வெயிட்டை எவ்ளோ மாத்தணும்ங்கறது), ரெண்டாவது எவ்ளோ எரர் வரைக்கும் கண்டுக்காம விடணும்ங்கறது. ஆர்ப்ராப்னு இன்னொரு கத்துக்குற அல்காரிதம் எடுத்தா அதே முதல் கட்டம் ஆரம்ப அப்டேட் அளவு, ரெண்டாவது அதிகபட்ச அளவு, மூணாவது வெயிட் டிகே (வெயிட் ரொம்ப பெருசாகாம தேய்க்குறது). அல்காரிதம் மாத்திட்டு கட்டத்துல இருக்குற நம்பரை மாத்த மறந்தீங்கன்னா அது பாட்டுக்கு ஓடும், ஒரு வார்த்தை சொல்லாது. மேனுவலை மடில வச்சுக்கிட்டுதான் வேலை பாக்கணும். ஆனா மேனுவலை குறை சொல்ல மாட்டேன், 300 பக்கத்துக்கு மேல, ஒவ்வொரு அல்காரிதமும் ஃபார்முலாவோட, எந்த கட்டத்துல எது, எவ்ளோ போடலாம்ங்கறது வரைக்கும் இருக்கு. அதைப் பாடப்புத்தகமாவே வச்சு படிக்கலாம், குவிக்ப்ராப்னு பேக்ப்ரொபகேஷனை வேகமாக்குற வகையை நான் ஒழுங்கா புரிஞ்சுக்கிட்டது அதுலதான்.

தம்பி கேட்டதுக்கு வருவோம். கூட வர்ற உதாரணங்கள்ல லெட்டர்ஸ்னு ஒண்ணு இருக்கு, 26 இங்கிலீஷ் எழுத்து, ஒவ்வொண்ணும் 5க்கு 7 புள்ளி கட்டம், அதனால 35 இன்புட், நடுவுல 10, வெளிய 26 யூனிட். டிஸ்ப்ளே ஜன்னல்ல எழுத்து எழுத்தாவே தெரியும், கட்டம் கட்டமா கலர்ல. ட்ரெயின் பண்ணப் பண்ண லிங்க்ல நம்பர் மாறுறதும் நடு யூனிட் ஒவ்வொண்ணும் ஒரு வேலையை எடுத்துக்குறதும் அப்படியே கண்ணு முன்னாடி நடக்குது. ஒரு ஸ்டெப், ஒரு ஸ்டெப்பா நிறுத்தி நிறுத்தி பாக்கலாம். இந்த ஒரு விஷயத்துக்கு இப்ப இருக்குற எந்த பெரிய லைப்ரரியும் கிட்ட வரல, அதுங்க கோடிக்கணக்கான வெயிட்டுக்கு செஞ்சது, இது மனுஷன் எண்ணிப் பாக்குற அளவுக்கு செஞ்சது. அப்புறம் ஜாக்னு ஒரு பட்டன், நெட்வொர்க் எங்கயாவது சிக்கி நின்னுட்டா அதை அமுக்கினா எல்லா வெயிட்டும் லேசா உலுங்கும், பழைய ரேடியோவை தட்டுற மாதிரி. எக்ஸார் கணக்கை (ரெண்டு இன்புட்ல ஒண்ணு மட்டும் 1ஆ இருந்தா 1 சொல்லணும்) ரெண்டே நடு யூனிட்டோட போட்டா சில நேரம் அப்படியே மாட்டிக்கும்னு எல்லாரும் படிச்சிருப்போம், மாட்டினதை கிராஃப்ல பாத்து, ஜாக் அமுக்கி, அது வெளிய வர்றதை பாத்தப்ப தம்பி முகம் பாக்கணுமே.

ஆனா நான் இந்த ரிவ்யூ எழுத உக்காந்ததே ஃபைலுக்காக. நெட்வொர்க்கை வச்சிருக்குற நெட் ஃபைல், பேட்டர்னை வச்சிருக்குற பேட் (.pat) ஃபைல் ரெண்டுமே சாதாரண டெக்ஸ்ட். நெட் ஃபைலைத் திறந்தா மேல பேரு, எத்தனை யூனிட், எத்தனை கனெக்‌ஷன், எந்த லேர்னிங் ஃபங்ஷன். அப்புறம் அட்டவணை மாதிரி ஒவ்வொரு யூனிட்டும் அதோட பயஸ் (யூனிட் எந்த அளவுல கிளம்பணும்ங்கற நம்பர்), ஸ்க்ரீன்ல எந்த இடம் எல்லாம். கடைசில எந்த யூனிட்டுக்கு எங்க இருந்து வருது, வெயிட் எவ்ளோன்னு வரிசையா. ட்ரெயின் பண்றதுக்கு முன்னாடி சேவ் பண்ணா ஆரம்ப வெயிட்டும் உள்ளயே இருக்கு. இதான் முக்கியம். மேல சொன்ன தலைவலில பாதி, ஆரம்ப வெயிட் வேற வேறயா இருக்கறதுதான். இங்க அந்த ஃபைலை அப்படியே இன்னொருத்தருக்கு குடுத்துட்டா அவர் வேற ஊர்ல, வேற மெஷின்ல, நீங்க நின்ன அதே இடத்துல இருந்து கிளம்புறார். எனக்கு வராதது உனக்கு எப்படி வந்துச்சுன்னு சண்டை போட வேண்டியதில்ல, ரெண்டு பேரும் ஒரே ஃபைலைத் திறந்து வச்சுக்கிட்டு பேசலாம். எத்தனையோ வருஷம் கழிச்சு நான் வெறும் டெக்ஸ்ட் எடிட்டர்ல திறந்தா ஒரு எழுத்து விடாம படிக்க வருது. எங்கிட்டயே அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி சேவ் பண்ண மாடல் ஒண்ணு இருக்கு, வெர்ஷன் மாறிப்போய் இப்ப திறக்கவே மாட்டேங்குது.

குறையும் இருக்கு அதுல. லேர்னிங் ஃபங்ஷன் பேரு நெட் ஃபைல்ல இருக்கும், ரேட் எவ்ளோ போட்டீங்கங்கறது அதுல இருக்காது, தனியா எழுதி அனுப்பணும். அதுக்கு பேட்ச்மேன்னு ஒரு கருவி, பாஸ்கல் மாதிரி சின்ன ஸ்க்ரிப்ட் எழுதலாம், இந்த நெட்டை ஏத்து, இந்த பேட்டர்னை ஏத்து, எரர் இவ்ளோக்கு கீழ போற வரைக்கும் இல்ல ஆயிரம் சுத்து வரைக்கும் ஓட்டுன்னு. ரேண்டம் சீட் (ரேண்டம் நம்பர் எங்க இருந்து தொடங்கணும்ங்கற எண்) கூட அதுல குடுக்கலாம். நீங்க பண்ண பரிசோதனையை அந்த ஸ்க்ரிப்ட்டோட சேத்து மூணு ஃபைலா அனுப்பினா முடிஞ்சுது வேலை. பட்டனை எல்லாம் விட்டுட்டு நான் ரெண்டாவது வாரம் முழுக்க பேட்ச்மேன்லதான் இருந்தேன்.

இன்னொரு சின்ன விஷயம் எனக்கு ரொம்ப பிடிச்சுது. அனலைஸ்னு ஒரு கமாண்ட், ரிசல்ட்டை சரி தப்புன்னு பிரிக்க 402040னு ஒரு விதி வச்சிருக்கு. அவுட்புட் 0.4க்கு கீழ இருந்தா பூஜ்யம், 0.6க்கு மேல இருந்தா ஒண்ணு, நடுவுல நின்னா எந்தப் பக்கமும் சேத்தி இல்ல. 1988ல கார்னகி மெலன்ல ஸ்காட் ஃபால்மன் குவிக்ப்ராப் ரிப்போர்ட்ல, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு அளவுகோல் வச்சு கத்துக்கிச்சுன்னு சொன்னா எப்படி ஒப்பிடறதுன்னு சொல்லி இதைத்தான் வச்சார். அது ஒரு கமாண்ட் ஆப்ஷனா உள்ள வந்து உக்காந்திருக்கு பாருங்க, வாதம் பண்ணி ஜெயிச்ச மாதிரி.

அவரோடதே இன்னொண்ணையும் ஓட்டிப் பாத்தேன், கேஸ்கேட் கோரிலேஷன், 1990ல ஃபால்மனும் லெபியரும் போட்டது. ரெண்டு சுருள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சுத்தின மாதிரி 194 புள்ளி, எது எந்த சுருள்னு பிரிக்கணும். லாங், விட்ப்ராக் ரெண்டு பேருக்கும் சாதாரண பேக்ப்ராப்ல இதை முடிக்க சராசரியா 20,000 சுத்து ஆச்சு, கேஸ்கேட்ல சராசரி 1,700. யூனிட்டை நாம முடிவு பண்ண வேணாம், அதுவே வேணுங்கறப்ப ஒண்ணு ஒண்ணா சேத்துக்கிட்டே போகும், அவங்க பேப்பர்ல 12ல இருந்து 19 வரைக்கும் சேந்துச்சுன்னு இருக்கு. எனக்கும் அந்த எல்லைக்குள்ளயேதான் நின்னுச்சு. அவங்க கோடும் இல்ல, அவங்க மெஷினும் இல்ல, அவங்க நாடும் இல்ல, ஆனா அவங்க சொன்னது வந்துச்சு. சும்மா சொல்லல, கொஞ்ச நேரம் திரையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.

எஸ்.என்.என்.எஸ்.2சின்னு ஒரு கருவியும் இருக்கு, ட்ரெயின் பண்ண நெட்வொர்க்கை சி ஃபங்ஷனா எழுதிக் குடுத்துடும், அதை எந்த ப்ரோக்ராம்லயும் ஒட்டிக்கலாம். லெட்டர்ஸை போட்டு பாத்தேன், முதல் தடவையே வேலை செஞ்சுது. 16,384 ப்ராசஸர் இருந்த மாஸ்பார் மெஷினுக்கும் ஒரு கெர்னல் (உள்ள கணக்கு போடுற மையப் பகுதி) எழுதி வச்சிருந்தாங்க அந்த ஆளுங்க, அதை ஓட்டிப் பாக்க எனக்கு குடுப்பினை இல்ல.

வேற எதோட ஒப்பிடறதுன்னா, 1988ல பி.டி.பி. (பேரலல் டிஸ்ட்ரிபியூட்டட் ப்ராசஸிங்) குரூப் மெக்லெலண்டும் ரூமல்ஹார்ட்டும் எம்.ஐ.டி. ப்ரெஸ்ல போட்ட கைப்புத்தகம், உள்ள சி சோர்ஸோட ஃப்ளாப்பி வச்சு வித்தாங்க. அது சாதாரண பி.சி.ல, வெறும் எழுத்து ஸ்க்ரீன்ல, கமாண்ட் டைப் பண்ணி ஓட்டுறது. படம் கிடையாது, நம்பர்தான். ஆனா படிச்சுக்கிட்டே பயிற்சி செய்ய அதுதான் சுகம், ஒவ்வொரு பயிற்சியும் கையைப் பிடிச்சு கூட்டிட்டு போகும். எஸ்.என்.என்.எஸ். பட்டறை மாதிரி, எல்லா ஆயுதமும் தொங்கும், எதை எடுக்கணும்னு நீங்கதான் தெரிஞ்சுக்கணும். நியூரான், ஜெனிசிஸ்ங்கற சிமுலேட்டர்கள் மாதிரி நிஜ நரம்பு செல்லை கணக்கு போடுறதெல்லாம் வேற கதை, அதை இதோட சேக்காதீங்க.

யாருக்கு சிபாரிசு பண்ணுவேன்? நிஜ வேலைக்குன்னா யாருக்கும் இல்ல, ஜி.பி.யு. கிடையாது, பெரிய டேட்டா தாங்காது. சொல்லிக் குடுக்குறவங்களுக்கும் பழைய பேப்பரைத் திரும்ப செஞ்சு பாக்க ஆசைப்படுறவங்களுக்கும் கண்ண மூடிக்கிட்டு சொல்லுவேன். கம்பைல் பண்ண பொறுமை இல்லன்னா ஜாவாஎன்.என்.எஸ்.னு ட்யூபிங்கன்லயே அப்புறம் வந்தது இருக்கு, ஜன்னல் எல்லாம் கொஞ்சம் மனுஷத்தன்மையா இருக்கும், உள்ள அதே கெர்னல்தான். ஆர் மொழி தெரிஞ்சவங்களுக்கு ஆர்.எஸ்.என்.என்.எஸ். பேக்கேஜ், அதுலயும் அதே கெர்னல், பட்டன் தொல்லையே இல்ல. ஆனா ஜாக் பட்டனை அமுக்குற சுகமும் இல்ல.

நேத்து தம்பி ஒரு நெட் ஃபைல் அனுப்பிச்சான், லெட்டர்ஸ் நெட்வொர்க்தான், ட்ரெயின் பண்ணது. "ஒரே ஒரு வெயிட்டுக்கு மட்டும் மைனஸ் போட்டு வச்சிருக்கேன் அண்ணா, நோட்பேட்லயே மாத்திட்டேன், எதுன்னு கண்டுபிடிங்க"ன்னு கூட ஒரு வரி. ரெண்டு ஃபைலை ஒப்பிடுற டிஃப் கமாண்ட் போட்டா ஒரு செகண்டுல தெரிஞ்சிடும், ஆனா அவன் பழைய ஃபைலை குடுக்கல. 26 எழுத்தையும் ஒண்ணொண்ணா ஓட விட்டு, க்யூ வர வேண்டிய இடத்துல ஓவும் சேந்து லேசா எரியறதைப் பிடிச்சு, அந்த ரெண்டு யூனிட்டுக்கும் வர்ற லிங்க் இருபதையும் பேப்பர்ல எழுதி வச்சு உக்காந்திருக்கேன். இப்போதைக்கு நாலாவது நடு யூனிட் மேலதான் சந்தேகம்.