மார்க் நாஃப்ளர்: 25 ஆண்டுகள் கேட்ட பிறகு

முதலில் கைக்கு வந்தது 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' கேசட். பாடகரும் கிதார் கலைஞருமான மார்க் நாஃப்ளர் தலைமையிலான டையர் ஸ்ட்ரெய்ட்ஸ் ராக் குழு 1985இல் வெளியிட்டு, உலகெங்கும் 3 கோடிக்கு மேல் விற்ற ஆல்பம். எனக்குக் கிடைத்ததோ யாரோ கேட்டுத் தீர்த்த பழைய பிரதி. டேப் ரெக்கார்டர் அதை இரண்டு முறை தின்றது; இரண்டு முறையும் பென்சிலால் சுற்றி மீட்டேன்.

இத்தனை காலத்துக்குப் பின் சொல்கிறேன், முதலில் தேய்ந்தது அந்த ஆல்பம்தான். நாடாவைச் சொல்லவில்லை, இசையைச் சொல்கிறேன். 'மணி ஃபார் நத்திங்' பாடலின் கிதார் உறுமல் இன்றும் சிலிர்க்க வைக்கிறது. சுற்றியுள்ள சிந்தசைசர் பளபளப்புக்குத்தான் வயதாகிவிட்டது. வரிகள் அப்படியில்லை. நியூயார்க்கில் வீட்டுச் சாதனக் கடை ஒன்றில், தொலைக்காட்சிப் பாடகர்களைப் பார்த்து அங்கே வேலைசெய்த ஆள் பொருமியதைக் கேட்டு, கடையிலேயே உட்கார்ந்து நாஃப்ளர் எழுதியது அது.

காரணம் இருக்கிறது. மனிதர் பழைய நிருபர். 1949இல் கிளாஸ்கோவில் பிறந்து, நியூகாசில் பக்கம் பிளைத்தில் வளர்ந்து, லீட்ஸில் 'யார்க்‌ஷயர் ஈவினிங் போஸ்ட்' நாளிதழில் வேலை பார்த்தவர். பிறகு கல்லூரி ஆசிரியர். 1978இல் முதல் ஆல்பம் வந்தபோது வயது 29. அதற்குள் பிழைப்பின் ருசி தெரிந்திருந்தது.

1995இல் குழு கலைந்தபின் தனியாக வெளியிட்ட ஆல்பங்களில்தான் அந்த நிருபர் முழுதாக வெளிப்படுகிறார். 'செய்லிங் டு பிலடெல்பியா' (2000) வாங்கிய வாரம் ஏமாந்தேன். கிதார் எங்கே என்று தேடிவிட்டு, ஓராண்டு அலமாரியில் போட்டுவைத்தேன். பிறகு ஒரு மழை இரவில் தலைப்புப் பாடலை ஒழுங்காகக் கேட்டேன். அமெரிக்காவில் எல்லைக்கோடு அளக்கப் போன மேசன், டிக்சன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் பேசிக்கொள்கிறார்கள். டிக்சனாக நாஃப்ளர், மேசனாக அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் டெய்லர். நில அளவையாளரை வைத்து ராக் பாட்டு எழுத யாருக்குத் தோன்றும்! 'ஷாங்ரி-லா' (2004) ஆல்பத்தில் குத்துச்சண்டை வீரர் சன்னி லிஸ்டனும் ஹாம்பர்கர் வியாபாரி ரே கிராக்கும் வருகிறார்கள். 'டிராக்கர்' (2015) ஆல்பத்தில், பள்ளிப் பருவத்தில் சனிக்கிழமை எடுபிடியாக இருந்த நாளிதழ் அலுவலகத்தைப் பாடுகிறார். அங்கே வேண்டாவெறுப்பாக உதவி ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டிருந்த கிழவர், கவிஞர் பேசில் பன்டிங்.

கிதார் வாசிப்பு பற்றி ஒரு வார்த்தை. இடக்கைப் பழக்கமுள்ளவர், கிதாரை வலக்கைக்காரர்போல் பிடிப்பவர். தந்தி மீட்டும் சிறு தகடான பிளெக்ட்ரத்தைவிட விரல்தான் அவருக்கு வசதி. தந்தி பேசுவதுபோல் ஒலிப்பது அதனால்தான்.

குறை சொல்லாமல் விட முடியாது. 2007க்குப் பிந்தைய ஆல்பங்களில் பாதிப் பாடல்கள் ஒரே நடையில் தள்ளாடுகின்றன; இரவில் வண்டி ஓட்டுபவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். குரல் எப்போதுமே முணுமுணுப்புதான். 'ஒன் டீப் ரிவர்' (2024) வருவதற்குள் அதுவும் பாதியாகிவிட்டது. அதே ஆண்டு ஜனவரியில் தம் கிதார்களையும் ஆம்ப்ளிஃபையர்களையும் சேர்த்து 120க்கும் மேல் லண்டனில் ஏலம் விட்டார். செய்தியைப் படித்தபோது எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது.

புதிதாகத் தொடங்குபவர்கள் 2000ஆம் ஆண்டு ஆல்பத்தை எடுங்கள். முதல் வாரம் அலுத்தால் விற்றுவிடாதீர்கள், அலமாரியில் இருக்கட்டும்.