சிறைக் கடிதங்களுக்கு ஒரு நோட்டு: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

அப்போஸ்தலன் பவுல் காவலில் இருந்தபோது எழுதியவை என்று எபேசியர், பிலிப்பியர், கொலோசெயர், பிலேமோன் ஆகிய நான்கு புதிய ஏற்பாட்டுக் கடிதங்களையும் ஒரு கட்டாகப் படிப்பது வழக்கம். வேதாகமத்தில் இருக்கும் வரிசையிலேயே படித்தால் எபேசியரில் மாட்டிக்கொள்வீர்கள். 155 வசனங்களில் பவுலைத் தவிர்த்தால், கடிதத்தைக் கொண்டுபோன தீகிக்கு ஒருவர்தான் அந்தக் காலத்து ஆள். காவல் பற்றிய பேச்சும் 3:1, 4:1, 6:20 என்று அங்கங்கேதான். தொடங்க வேண்டியது பிலேமோனில்.

நீளமான நோட்டில் எதிரெதிர்ப் பக்கங்களைச் சேர்த்து ஐந்து பத்திகள் (நெடுவரிசைகள்) போடுங்கள்: வசனம், ஆள், அவர் இருக்கும் இடம், கட்டு அல்லது காவல் பற்றிய பேச்சு, கடிதத்தைக் கொண்டுபோனவர். பிலேமோனின் 25 வசனங்களில் பவுலோடு சேர்த்து 11 பேர் தேறுவார்கள். உடனே கொலோசெயர் 4-ஆம் அதிகாரத்தை எடுத்து அதே பெயர்களுக்கு டிக் போடுங்கள். முதல் அதிகாரத்தில் வரும் தீமோத்தேயுவையும் சேர்த்தால் 9 பேர் திரும்ப வருவார்கள். வராதவர்கள் பிலேமோனும் அப்பியாளும். இதைவிடச் சுவையானது ஒன்று உண்டு: பிலேமோன் 23-இல் உடன்காவலில் இருப்பவர் எப்பாப்பிரா, கொலோசெயர் 4:10-இலோ அரிஸ்தர்க்கு. பட்டியல் போடாமல் படிப்பவர் கண்ணில் இது பெரும்பாலும் படுவதில்லை.

அடுத்தது எபேசியர். 6:21-22-ஐ கொலோசெயர் 4:7-8-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் ஒன்றுதான். இந்த இரண்டு கடிதங்களையும் பவுல் எழுதினாரா என்று ஐயப்படும் அறிஞர்கள் பலர். எபேசியர் 1:1-இல் 'எபேசுவில்' என்பது பழைய பாப்பிரஸ் பிரதியான பி46-இல் இல்லை. ஆகவே அந்த வரிசைகளைப் பென்சிலில் எழுதுவது நல்லது.

இடத்துக்கான பத்தி முழுவதற்குமே பென்சில்தான். பலர் சறுக்குவதும் இங்கேதான்: அப்போஸ்தலர் 28:30-இன் ரோமாபுரி வாடகை வீட்டை நான்கு கடிதங்களின் மேலும் கவிழ்த்துவிடுவார்கள். செசரியாவிலும் பவுல் இரண்டு வருடம் காவலில் இருந்தார். எபேசுவில் காவலில் இருந்தபோது எழுதினார் என்று வாதிடுவோரும் உண்டு. பிலிப்பியர் 2:25-30-ஐ வைத்துப் பயணங்களை எண்ணிப் பாருங்கள். காவல் செய்தி பிலிப்பிக்குப் போகிறது, பிலிப்பியர் அனுப்பிய எப்பாப்பிரோதீத்து உதவியோடு வருகிறார், அவர் நோய்ப்பட்ட செய்தி போகிறது, பிலிப்பியர் கவலைப்படும் செய்தி திரும்புகிறது. ரோமாபுரி என்றால் ஒவ்வொன்றும் வாரக்கணக்கான பயணம். இரண்டு வருடத்தில் நடக்காததல்ல, ஆனால் எபேசு என்று சொல்பவர்களின் வாதத்துக்கு வலு தருவது இந்தக் கணக்குதான். பிலேமோன் 22-இல் தங்குமிடம் ஆயத்தம் செய்யச் சொல்வதும் பக்கத்து ஊரிலிருந்து சொல்வதுபோல் இருக்கிறது.

தேடும்போது ஒரு தொல்லை: திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பில் பிலமோன், கொலோசையர், ஒனேசிம் என்று இருக்கும். நோட்டில் இரண்டு வடிவங்களையும் எழுதிவையுங்கள்.

இதே நோட்டு பவுலுக்குப் பிந்தைய அந்தியோகியா ஆயர் இக்னேஷியஸின் கடிதங்களுக்கும் உதவும். பத்துப் படைவீரர் காவலில் ரோமாபுரிக்குப் போகும் வழியில் சிமிர்னாவிலிருந்து 4, துரோவாவிலிருந்து 3 என்று 7 கடிதங்கள். பதிப்பு வாங்கும்போது கவனம் தேவை. பிற்காலத்தில் இட்டு நிரப்பிய நீண்ட வடிவமும் புழக்கத்தில் இருக்கிறது. குறுகியதையும் நீண்டதையும் இரு பத்தியாக அச்சிட்ட பழைய மொழிபெயர்ப்பில் கண் தவறினால் நான்காம் நூற்றாண்டு இடைச்செருகலைக் குறிப்பெடுத்துவிடுவீர்கள். அவர் எபேசியருக்கு எழுதியதில் ஒநேசிமு என்ற ஆயர் வருகிறார். பிலேமோனின் அடிமையான ஒநேசிமுவோடு அவரை மையால் இணைத்துவிடாதீர்கள், அந்தக் காலத்தில் அது அடிமைகளிடையே சர்வசாதாரணமான பெயர்.