கேடிஎம் 390 டியூக்: கம்பெனி கை மாறிய பிறகு வண்டியை ஓட்டுவது

2024 நவம்பரில் ஆஸ்திரியாவின் மாட்டிக்ஹோஃபனில் இருக்கும் பைக் கம்பெனி கேடிஎம் திவால் நடவடிக்கைக்குப் போனதிலிருந்து பழைய 373 சிசி 390 டியூக் வைத்திருப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: ஸ்பேர்ஸ் கிடைக்குமா? கிடைக்கும். ஆனால் எல்லா பார்ட்டும் ஒரே சுலபத்தில் வராது.

390 தயாராவது புனே பக்கம் சாக்கனில், பஜாஜ் ஆலையில். அதனால் 2025இல் மாட்டிக்ஹோஃபன் ஆலை மாதக்கணக்கில் நின்றதை வைத்து இந்த வண்டிக்கு ஆயுள் கணிக்க வேண்டாம். கடன் கொடுத்தவர்கள் பாக்கியில் 30 சதவீதம் வந்தால் போதும் என்று இறங்கி வந்தார்கள். அதற்கான பணத்தைத் திரட்டியது பஜாஜ், அதே ஆண்டில் கம்பெனியும் அவர்கள் கைக்கு வந்தது. 1991இலும் இதே கம்பெனி திவாலாகி, துண்டு துண்டாகப் பிரிந்து மீண்டது. இறக்குமதியாகும் பெரிய கேடிஎம் வண்டி வைத்திருப்பவர்களின் கவலைதான் நியாயமானது.

373 சிசிக்கு வரக்கூடிய சிக்கல் வேறு. 2023இல் வந்த புதிய 390இல் இருப்பது 398.7 சிசி, புதிய என்ஜின். சிலிண்டர் விட்டம் அதே 89 மி.மீ.தான், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 60இலிருந்து 64 ஆகிவிட்டது. ஆக கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு), பழைய மாடலின் மீட்டர், ஏபிஎஸ் பிரேக்கின் மாட்யூல் போன்றவை போகப்போக அரிதாகும். செயின் ஸ்பிராக்கெட், பிரேக் பேட், கோன் செட்டுக்கு (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) அவ்வளவு சீக்கிரம் பஞ்சம் வராது.

மீட்டரில் கண்டபடி எச்சரிக்கை விளக்கு எரிந்தால் உடனே சென்சார் மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் முதலில் பேட்டரியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரிதான் குற்றவாளி. அடுத்தது எர்த் ஒயர் முனை. துருவைச் சுரண்டி இறுக்கினாலே பாதிக் கோளாறு போய்விடும்.

என்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தை (கூலன்ட்) சுற்றவிடும் வாட்டர் பம்ப்பின் சீலைக் கவனித்தே ஆக வேண்டும். பம்ப் கவருக்கு அடியில் சொட்டினால் சீல் போய்விட்டது. ஆயில் கண்ணாடியில் பால்டீ நிறம் தெரிந்தால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது. ஓட்டாமல் வண்டியை ஏற்றிக்கொண்டு போங்கள். ஆனால் சின்னச் சின்னத் தூரம் மட்டுமே ஓடும் வண்டியில் ஈரத்தால் லேசான வெள்ளை நுரை வரும், அரை மணி நேரம் நன்றாக ஓட்டினால் மறையும். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றுவது அலுமினியத்துக்கு விஷம்.

டாப்பெட் இடைவெளியை (வால்வுக்கு விட வேண்டிய இடைவெளி) ஷோரூமில் கேட்டு வாங்கித்தான் பார்க்க வைக்க வேண்டியிருக்கும். என்ஜின் ஆறியிருக்கும்போது இன்டேக் 0.08–0.12, எக்ஸாஸ்ட் 0.13–0.17 மி.மீ. இடைவெளி குறையும்போது சத்தம் வராது என்பதுதான் ஆபத்து. காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிப்பதும், சிக்னலில் ஐடிலில் நின்றுபோவதும்தான் அறிகுறி.

பயத்தில் ஸ்பேர்ஸ் வாங்கிக் குவிப்பதில் பயனில்லை, ரப்பர் ஹோஸும் ஆயில் சீலும் அலமாரியிலேயே இறுகிவிடும். ஒரு ஆயில் ஃபில்டர், அதன் ஓ-ரிங், கிளட்ச் கேபிள், ஒரு வாட்டர் பம்ப் சீல் போதும். காசு மிச்சமிருந்தால் பழைய வண்டி பிரிக்கும் இடத்தில் நல்ல மீட்டர் ஒன்று அகப்பட்டால் விடாதீர்கள். மாடல் வருடமும் பார்ட் நம்பரும் பொருந்துகிறதா என்று பார்த்தே வாங்குங்கள். 2017க்கு முந்தைய மீட்டர் பிந்தைய வண்டிக்குச் சேராது.