குப்பைச்சாற்றுக்கு வட்டு ஆர்.ஓ.: யாழ்ப்பாணத்துக்குச் சரிவருமா?

குப்பைமேட்டிலிருந்து வடிகிற அழுக்குத் தண்ணீர்தான் குப்பைச்சாறு. கிணற்று உவருக்குப் பூட்டுகிற ஆர்.ஓ.வை, அதாவது உப்பை மறிக்கிற மெல்லிய சவ்வு (மெம்பிரேன்) வழியாகத் தண்ணீரை அழுத்தி வடிக்கிற இயந்திரத்தை, குப்பைச்சாற்றுக்குப் போட்டால் ஒரு கிழமைகூட ஒழுங்காக ஓடாது. அதன் சுருள் மெம்பிரேனில் தண்ணீர் போகிற இடைவெளி ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. உள்ளே வலை வேறு. சேறும் பக்டீரியாவும் அதில் ஒட்டினால் கழுவி எடுப்பது பெரும் பாடு.

குப்பைச்சாற்றுக்கு ஏற்றது 1980களின் கடைசியிலிருந்து ஜெர்மனியில் ஓடுகிற டி.ரி. எனப்படும் வட்டுக்குழாய் வகை. நடுவில் ஓர் எஃகுத் தண்டு, அதில் 200 அளவில் பிளாஸ்டிக் வட்டுகள், இரண்டு வட்டுக்கு நடுவே ஒரு மெம்பிரேன் மெத்தை. இந்த முழு அடுக்குத்தான் ஒரு மொடியூல். வலை கிடையாது. தண்ணீர் வட்டுக்கு வட்டு மடங்கி ஓடுவதால் அழுக்குத் தங்குவது குறைவு. கிழிந்த மெத்தையை மட்டும் கழற்றி மாற்றலாம். வடிகட்டிய தண்ணீரின் மின்கடத்துதிறன் (உப்பின் அளவைக் காட்டுவது) திடீரென ஏறினால் மொடியூல் மொடியூலாக அளந்து பாருங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு ரப்பர் வளையம்தான் போயிருக்கும்.

நாளுக்கு 50 கன மீற்றர் சாறு என்று வையுங்கள். 80 வீதம் மீட்டால் 40 கன மீற்றர் நல்ல தண்ணீர். 20 மணித்தியாலம் ஓடினால் மணிக்கு 2,000 லீற்றர். ஒரு மொடியூலில் 9 சதுர மீற்றர், சதுர மீற்றருக்கு மணிக்கு 12 லீற்றர் என்றால் முதற்கட்டத்துக்கு மட்டும் 18, 19 மொடியூல் வேண்டும். வடித்த தண்ணீரைத் திரும்பவும் வடிக்கிற இரண்டாம் கட்டமும் கட்டாயம். அமோனியா நைதரசன் லீற்றருக்கு 1,500 மில்லிகிராம் உள்ள சாற்றில் முதற்கட்டம் 90 வீதம் மறித்தாலும் 150 மிஞ்சும். உள்நாட்டு நீர்நிலைக்கு விட இலங்கையில் எல்லை 50.

வாங்குகிறவர்கள் அதிகம் கவனிக்காதது அமிலத் தொட்டியைத்தான். மெம்பிரேனுக்குப் போகமுன் சாற்றில் அமிலம் விட்டு, அதன் பி.எச். 6 இலிருந்து 6.5க்குள் நிற்க வைக்க வேண்டும். கூடினால் அமோனியா வாயுவாகி மெம்பிரேனைத் தாண்டிப் போகும், சுண்ணாம்பும் படியும். காரத்தன்மை லீற்றருக்கு 5,000 மில்லிகிராம் உள்ள சாற்றுக்குக் கன மீற்றருக்குக் குறைந்தது 2.5 கிலோ சல்பூரிக் அமிலம். 50 கன மீற்றருக்கு 125 கிலோ, அதுவும் ஒவ்வொரு நாளும்! ஊற்றும்போது காபனீரொட்சைட்டு கிளம்பி, பால் பொங்குகிற மாதிரி நுரை தொட்டி விளிம்பைத் தாண்டும். கூடவே ஐதரசன் சல்பைட்டும் வரலாம். மூடிய அறைக்குள் இந்தத் தொட்டியை வைப்பது உயிராபத்து. இந்த அமிலத்தால் சாற்றில் சல்பேற்று கூடினால் கல்சியம் சல்பேற்றுப் படியும். அதை அமிலத்தால் கரைக்க முடியாது. ஆகவே படிவுத் தடுப்பு மருந்தும் சேர்க்க வேண்டும்.

மெம்பிரேனைக் கழுவும்போது முதலில் காரம், பிறகு அமிலம். மாறிச் செய்தால் சாற்றின் கறுப்பு நிறப் பொருள் அமிலத்தில் திரண்டு மெம்பிரேனிலேயே ஒட்டிவிடும். தண்ணீர் வரத்து 10, 15 வீதம் குறைந்த உடனே கழுவுங்கள். குளோரின் பக்கமே போகக் கூடாது.

கரண்ட் நின்றால், மெம்பிரேனைத் தாண்டாமல் உப்போடு மிஞ்சுகிற செறிந்த நீர் மொடியூலுக்குள் தேங்கி உப்பு கட்டும். ஆகவே ஜெனரேற்றரும், கழுவிவிட நல்ல தண்ணீர்த் தொட்டியும் விலைக்குள்ளேயே வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாறு பலமடங்காகும். தேக்கக் குளம் இல்லாமல் எந்த இயந்திரமும் சமாளிக்காது.

இயந்திரத்தில் எங்களுக்குப் பெரிய குறையில்லை. சிக்கல் மிச்சமாகிற 10 கன மீற்றர் செறிந்த நீர், நாளுக்கு ஒரு பெரிய பவுசர். அதைத் திரும்பக் குப்பைமேட்டிலேயே ஊற்றலாம் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். அடியில் தகடு விரித்த மேட்டில்கூட அது சாற்றின் உப்பைக் கூட்டிக்கொண்டே போகும். யாழ்ப்பாண மாநகர சபை குப்பை கொட்டுகிற கல்லுண்டாய் மாதிரி இடத்தில் கீழே இருப்பது வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணாம்புக்கல். ஊற்றியது நிலத்தடி நீருக்குத்தான் போகும். ஆகவே செறிந்த நீரை வற்றவைக்கிற ஆவியாக்கி வேண்டும். அந்த ஆவியாக்கியின் விலையும் அதன் மின்செலவும் எழுதாத விலைமனு வந்தால் சபை அதைத் திருப்பி அனுப்பட்டும்.