நிக்கல் காசும் கேன் வளையமும்: மெட்டல் டிடெக்டரோடு நான்கு ஆண்டுகள்

தரையை ஒட்டி ஆட்டும் தேடுசுருளின் கேபிளில் வெடிப்பு விட்டதால் பழுதுபார்க்க அனுப்பிய என் மெட்டல் டிடெக்டர், ஐந்து வாரம் கழித்து வீடு திரும்பியது. கேபிள் வேலை சுத்தம். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால், நான்கு ஆண்டுகளாக என் காதுக்குத் தக்கபடி கூட்டியும் குறைத்தும் வைத்திருந்த ஒலி அமைப்புகளை ஒன்று விடாமல் அழித்து அனுப்பியிருந்தார்கள். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தாளில் குறித்து வைத்திருப்பேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதே நேரத்தில் கருவியின் விலையும் இறங்கியிருக்கிறது. அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் இருக்கும் நண்பர், "இப்போது வாங்கலாமா?" என்று கேட்கிறார். எடை, பேட்டரி, எவ்வளவு ஆழ நீரைத் தாங்கும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். ஒலியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். எந்த நிறுவனத்துக் கருவி என்று எழுதவில்லை. நான் சொல்லப்போகும் தொல்லை இந்த வகைக் கருவிகள் அனைத்துக்கும் பொது.

என் தாத்தா கடையில் வெள்ளி ரூபாய் வந்தால் கட்டைவிரலால் சுண்டிக் காதருகே பிடிப்பார். கணீரென்று நீண்டால் பெட்டிக்குள் போகும். டொக்கென்று அடங்கினால் கொடுத்தவரிடமே திரும்பிவிடும். இந்தக் கருவி அந்த வேலையைக் காசைத் தொடாமலே செய்கிறது. சுருளிலிருந்து மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்கி, அங்கே கிடக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை எழுப்புகிறது. அந்த ஓட்டத்தின் எதிரொலி எவ்வளவு பின்தங்கித் திரும்புகிறது என்பதை அளந்து, கருவி அதற்கு ஒரு சுருதி கொடுக்கிறது. மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் வெள்ளியும் செம்பும் மேலே ஒலிக்கும். துத்தநாகம் நடுவில். நிக்கல் கலந்த காசு இன்னும் கீழே. இரும்பு அடித்தொண்டையில் உறுமும்.

அமெரிக்கக் காசுகளுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. 1964 வரை அடித்த டைம் (பத்து சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்) காசுகளில் 90 சதவீதம் வெள்ளி. ஒரு சென்ட் காசு 1982-இல் செம்பிலிருந்து, செம்பு முலாம் பூசிய துத்தநாகத்துக்கு மாறியது. முன்னதும் பின்னதும் கண்ணுக்கு ஒரே காசு, காதுக்கு இரண்டு. எந்த உலோகம் என்று காட்ட, திரையில் ஓர் எண்ணும் ஓடுகிறது, ஆனால் நான் அதை நம்புவதில்லை. காசு ஆழத்தில் இருந்தால் எண் தாவிக்கொண்டே இருக்கும். சுருதி அவ்வளவு தடுமாறாது.

முதல் வெள்ளி டைம் கிடைத்த மாலை இன்னும் நினைவிருக்கிறது. ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் ஒரு பழைய வீட்டின் பின்புறம், துணி உலர்த்தும் கம்பத்தின் அடியில் சுருளை ஆட்டினேன். தொலைவில் யாரோ பூஜை மணியைத் தொட்டுவிட்டு விட்டதைப் போல மெல்லிய உச்ச ஒலி. இடமிருந்து போனாலும் வலமிருந்து வந்தாலும் அதே ஒலி. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான ஆழத்தில், கறுத்த களிமண்ணில், வெள்ளை விளிம்பு ஒன்று தெரிந்தது. வெள்ளி மண்ணுக்குள் பல ஆண்டுகள் கிடந்தாலும் பெரும்பாலும் வெள்ளையாகவே வருகிறது. அந்த ஓர் ஒலிக்காகவே கொடுத்த பணம் தகும்.

இனி தொல்லைக்கு வருகிறேன். ஐந்து சென்ட் மதிப்புள்ள நிக்கல் காசில் 75 சதவீதம் செம்பு, 25 சதவீதம் நிக்கல். இந்தக் கலவை மின்சாரத்தை மந்தமாகக் கடத்தும், ஆனால் காசு கனமானது. பானக் கேன்களின் இழுப்பு வளையம் அலுமினியம். நன்றாகக் கடத்தும், ஆனால் மெல்லியது, சிறியது. ஒன்றில் இருப்பது மற்றொன்றில் குறைய, இரண்டும் ஏறக்குறைய ஒரே சுருதியில் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. 1960-களின் தொடக்கத்தில் இந்த இழுப்பு மூடியை உருவாக்கியவர் எர்மல் ஃப்ரேஸ், இதே டேட்டன்காரர். கேனோடு ஒட்டியே இருக்கும் மூடி 1975-இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் இந்த ஊர்ப் பூங்காக்களிலும் முற்றங்களிலும் மக்கள் பிய்த்து எறிந்த வளையங்கள் அத்தனையும் இன்று என் காதில் நிக்கல் காசாக ஒலிக்கின்றன.

அந்தச் சுருதியை மட்டும் ஊமையாக்கிவிடலாமே என்று நண்பர் கேட்பார். முடியாது. தங்க மோதிரங்களில் பெரும்பாலானவை இதே எல்லைக்குள்தான் பேசுகின்றன. பக்கத்து வீட்டு அம்மாள் பூச்செடிகளுக்கு நடுவே தொலைத்த திருமண மோதிரத்தை இரண்டாம் ஆண்டில் எடுத்துக் கொடுத்தேன். வளையத்துக்கும் அதற்கும் ஒலியில் மயிரிழை வித்தியாசம்கூட இல்லை. அன்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதை மறக்க முடியாது. இதை ஊமையாக்கிவிட்டுத் தேடுவது எனக்குச் சம்மதம் இல்லை.

காதைப் பழக்கினால் ஓரளவு பிரிக்கலாம். ஒலி வந்த இடத்தில் நின்று, கால் வட்டம் திரும்பி, மறுபடியும் ஆட்டிப் பாருங்கள். காசு வட்டமானது, எந்தத் திசையிலிருந்தும் ஒரே ஒலி. வாலோடு, அதாவது மூடியிலிருந்து கிழிந்து வந்த தகட்டுத் துண்டோடு, கிடக்கும் வளையம் ஒரு பக்கத்தில் சற்றுக் கரகரக்கும். வால் மட்டும் தனியே முறிந்து கிடந்தால் இந்த வித்தையும் பலிக்காது. அதற்கு ஒரே வழி தோண்டுவதுதான்.

நான் நான்கு ஆண்டுகளில் செய்து வைத்திருந்தது இதைத்தான்: நிக்கல் காசு என்று கருவி எடுத்துக்கொள்ளும் எல்லையை மிகக் குறுக்கி, அதற்கென்று தனிச் சுருதி வைத்திருந்தேன். பழுதுபார்த்து வந்த கருவி, வளையம், நிக்கல், துத்தநாகச் சென்ட் மூன்றுக்கும் ஒரே ஒலி கொடுத்தது. ஆணி இல்லாத மரப்பெஞ்சில் கருவியைக் கிடத்தி, சுருளுக்கு முன்னால் காசை ஒவ்வொன்றாக ஆட்டி ஆட்டி, இரண்டு மாலை உட்கார்ந்து மீட்டெடுத்தேன். இன்னும் பழைய இடத்துக்கு வரவில்லை.

போன சனிக்கிழமை அந்த நிலையிலேயே எடுத்துக்கொண்டு போனேன். ஆறு மணி நேரத்தில் 31 வளையங்கள், இரண்டு நிக்கல். ஒன்று சாதாரணக் காசு. மற்றொன்று 1913 முதல் 1938 வரை அடித்த காட்டெருமை நிக்கல். விரலால் மண்ணைத் தள்ளியபோது எருமையின் முதுகு தெரிந்தது. மறுபுறம் செவ்விந்தியரின் முகமும் மழுங்கிப்போய் இருந்தது. ஆண்டு எண் இல்லை. மேட்டில் பொறிக்கப்பட்டதால் அந்த வகைக் காசில் முதலில் தேய்வதே ஆண்டுதான். முழங்கால் வலிக்க 33 குழி தோண்டி, ஒவ்வொன்றையும் புல் பிசகாமல் மூடிய பிறகு கையில் இருந்தது வயது தெரியாத காசு.

ஆகவே நண்பருக்கு இன்றைய என் பதில்: வாங்க வேண்டாம். வெள்ளியின் ஒலிக்கு இதைவிட நல்ல காது எனக்குத் தெரிந்து எந்தக் கருவிக்கும் இல்லை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்று என்னிடம் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதையும் மீறி வாங்கினால், அமைப்புகளை முதல் நாளே நோட்டில் எழுதி வையுங்கள், நில உரிமையாளரிடம் கேட்காமல் ஓர் அடிகூட வைக்காதீர்கள், தேசியப் பூங்காக்களில் தேடச் சட்டம் இடம் தருவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அந்தக் காட்டெருமை கிடைத்த முற்றத்தில் ஊஞ்சல் மரத்தின் வடக்குப் பக்கம் இன்னும் பாக்கி இருக்கிறது. வீட்டுக்காரர் இந்தச் சனிக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறார். நண்பர் வந்தால் என் ஹெட்ஃபோனை அவரிடம் கொடுக்கிறேன்.